சீசாவும் ஐஸ் பெட்டியும்

குன்னூர் சிம்ஸ் பார்க் அருகே ஒரு டீக்கடை. வர்க்கியை டீயில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சமவெளியிலிருந்து சீசனுக்கு வந்த ஒரு குடும்பம். பத்து வயசுப் பையன் மரங்களுக்கு நடுவே தெரிந்த பழைய கட்டடத்தைக் காட்டி, "அப்பா, அது பேலஸா?" என்று கேட்டான். அப்பாவுக்குத் தெரியவில்லை. டீக்கடைக்காரர்தான் பதில் சொன்னார்.

"அது பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் தம்பி. நாய்க்கடி ஊசி மருந்து செய்யுற எடம்."

"அவ்ளோதானா?" என்றான் பையன். குடும்பம் சாக்லேட் கடையைப் பார்க்கப் போய்விட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் முந்தின ராத்திரிதான் லாட்ஜ் டி.வி.யில் எத்தனையாவது தடவையாகவோ 'தசாவதாரம்' பார்த்தேன். ஒரு சின்ன சீசா. அதற்குள் உலகத்தையே காலி பண்ணும் கிருமி. அதைத் தூக்கிக்கொண்டு கமல் கண்டம் விட்டுக் கண்டம் ஓடுகிறார். அந்தப் படத்தை இந்தப் பையனும் வாய் பிளந்து பார்த்திருப்பான். அந்த மாதிரிக் கிருமிகளோடு நூறு வருஷத்துக்கும் மேலாக நிஜமாகவே மல்லுக்கட்டும் கட்டடம் கண்ணுக்கு எதிரே நிற்கிறது. "அவ்ளோதானா?"

பையன் மேல் குற்றமில்லை. உலகம் எப்படி அழியும், யார் காப்பாற்றுவார் என்கிற பாடத்தை நாம் எல்லோருமே தியேட்டரில்தான் படித்தோம். அந்தப் பாடப் புத்தகத்தைக் கொஞ்சம் திருத்திப் பார்க்கலாமே என்பதுதான் இந்த வாரச் சமாசாரம்.

*

மூன்று படங்களை எடுத்துக்கொள்வோம். 'தசாவதாரம்' (2008): அமெரிக்க லேபில் தயாரான உயிரி ஆயுதம். 'ஏழாம் அறிவு' (2011): சீனாவிலிருந்து ஒரு வில்லன் வந்து சென்னைத் தெருநாய்க்கு ஊசி போட்டு வியாதியைப் பரப்புகிறான். 'டிக் டிக் டிக்' (2018): வானத்திலிருந்து ஒரு விண்கல் வருகிறது.

மூன்றுக்கும் ஃபார்முலா ஒன்றுதான். ஆபத்து வெளியே இருந்து வரும். காப்பாற்றுவது ஒரே ஒரு ஆள். அவருக்கு அபூர்வமான ஏதோ ஒன்று இருக்கும். சூர்யாவுக்கு போதிதர்மரின் மரபணு. ஜெயம் ரவிக்கு மாயாஜாலக் கை வேலை. எல்லாம் சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கடைசியில் நாம் எழுந்து பார்க்கிங் டோக்கனைத் தேடுவோம்.

பொழுதுபோக்குக்கு இது தப்பே இல்லை. நானும் விசிலடித்தவன்தான். பத்து வேஷம் போட்ட உழைப்பையோ, தமிழில் விண்வெளிப் படம் எடுக்கத் துணிந்த தைரியத்தையோ கிண்டல் பண்ண எனக்கு அருகதை கிடையாது. ஆனால் 'தசாவதாரம்' க்ளைமாக்ஸ் மட்டும் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் நெஞ்சில் முள்ளாகக் குத்தும். கிருமி வெளியே வந்துவிடுகிறது. அதை முறிக்க ஏராளமாக உப்பு வேண்டும். அந்த நேரம் பார்த்து 2004 டிசம்பர் 26 சுனாமி வருகிறது. கடல் தண்ணீர் பாய்ந்து கிருமியைக் கொல்கிறது. உலகம் பிழைக்கிறது.

நான் படித்தது பி.காம். எனக்கு இது ஒரு கணக்குப் புத்தகப் பதிவாகத்தான் தெரிகிறது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேரைக் கொண்டுபோன அலை அது. நாகப்பட்டினத்தில் குழந்தைகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்த காட்சியை நம் தலைமுறை மறக்காது. அந்தச் சாவுகளை ஒரு பக்கம் டெபிட் எழுதி, மறுபக்கம் பல கோடிப் பேரை கிரெடிட் எழுதி, பேலன்ஸ் ஷீட் டேலி ஆகிவிட்டது என்று படம் கையெழுத்துப் போடுகிறது. எல்லாம் கடவுள் கணக்கு என்று ஆறுதல் சொல்வது வேறு. ஆனால் அந்த ஆறுதல் ஒரு கேள்வியை மூடிவிடுகிறது. பசிபிக் பெருங்கடலுக்கு 1949-லிருந்தே சுனாமி எச்சரிக்கை மையம் இருந்ததே, இந்தியப் பெருங்கடலுக்கு ஏன் இல்லை?

அந்தக் கேள்விக்கான பதில் சினிமாவில் வரவில்லை. ஹைதராபாத்தில் வந்தது. அங்கே இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் செயல்படத் தொடங்கியது. கடலடியில் அழுத்தத்தை அளக்கும் கருவிகள், கரையோரம் அலையளவு மானிகள், மூன்று ஷிஃப்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆட்கள். யாரும் ஓடவில்லை, பறக்கவில்லை. அடுத்த அலையிலிருந்து நம்மைக் காப்பாற்றப் போகிறவர்கள் அவர்கள்தான். படம் வெளிவருவதற்கு எட்டு மாதம் முன்பே அவர்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

*

சரி, குன்னூருக்கு வருவோம்.

1902-இல் தென்னிந்தியாவில் ஓர் இளம் ஆங்கிலப் பெண் வெறிநாய் கடித்து இறந்துபோனார். வைத்தியம் பார்க்கும் இடம் வடக்கே கசௌலியில்தான் இருந்தது. ரயிலும் வண்டியும் மாறிப் போய்ச் சேர்வதற்குள் விஷம் மூளைக்குப் போய்விடும். அந்தச் சாவு எழுப்பிய அதிர்ச்சியிலும், ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையிலும் பிறந்ததுதான் 1907-இல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிட்யூட். ஒரு வெள்ளைக்காரப் பெண் செத்த பிறகுதான் நம் ஊருக்கு மருந்து வந்தது என்பது கசப்பான உண்மை. ஆனால் வந்த மருந்து எல்லோருக்கும் ஆனது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று உங்கள் தாத்தா பயமுறுத்தியிருப்பாரே, ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தை இங்கேயும் தயாரித்தார்கள். 2004 முடிவில் நாடு முழுக்க அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் செல் வளர்ப்பு முறையில் செய்யும் புதிய மருந்தை இவர்கள் உருவாக்கியிருந்தார்கள். போலியோ சொட்டு மருந்தையும் ஒரு காலத்தில் இங்கே செய்திருக்கிறார்கள். 1918-இல் இதே வளாகத்தில் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்கரிசன் ஆரம்பித்த பெரிபெரி ஆராய்ச்சிதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

அப்புறம் முத்தடுப்பு ஊசி. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது. உங்கள் கையிலோ தொடையிலோ குழந்தையாக இருந்தபோது ஏறிய மருந்து குன்னூர் மலையிலிருந்து இறங்கி வந்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இப்போது 2008 ஜனவரிக்கு வாருங்கள். குன்னூர் பாஸ்டர், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் - அரசின் மூன்று தடுப்பூசித் தயாரிப்பு நிலையங்களின் உரிமமும் ஒரே சமயத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. அப்போது மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். அரசு சொன்ன காரணம், நவீன உற்பத்தித் தர விதிகளின்படி இவை இல்லை என்பது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். காரணம் பொய்யில்லை. கட்டடம் பழசு. காற்று வடிகட்டும் முறை, பதிவேடு, தனித்தனி அறைகள் என்று உலகத் தரம் கேட்கிற பலதும் அங்கே போதாமல்தான் இருந்தன. குழந்தைக்குப் போடுகிற மருந்தில் 'பரவாயில்லை, விடு' என்று சொல்ல முடியாது. ஆனால் ஓட்டைப் பானையை மாற்ற வேண்டும் என்றால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? புதுப் பானை வாங்கி வந்து தண்ணீரை மாற்றி ஊற்றிய பிறகுதான் பழசைத் தூக்கிப் போடுவார்கள். நாம் முதலில் உடைத்துவிட்டு, செங்கல்பட்டில் பெரிய பானை ஒன்று வரப்போகிறது என்றோம்.

தேசியத் தடுப்பூசித் திட்டம் அதன்பின் தனியார் கம்பெனிகளையே பெரிதும் நம்ப வேண்டியதாயிற்று. நாடாளுமன்ற நிலைக்குழு கேள்வி கேட்டது. உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது. 2010 பிப்ரவரியில் அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் தடுப்பூசி லேப் என்பது மாவு மில் அல்ல, பட்டனை அழுத்தினால் ஓடுவதற்கு. அதில் முக்கியமான மெஷின் மனுஷன். கை தேர்ந்தவர்கள் ரிட்டயர் ஆகிப் போனார்கள். புது விதிகளுக்கு ஏற்ற கூடம் கட்டி முடிக்கப் பல வருஷங்கள் பிடித்தன.

ஜனவரி 2008-இல் உரிமம் போனது. ஜூன் 2008-இல் 'தசாவதாரம்' ரிலீஸ். ஒரே வருஷம். திரையில் ஒரு விஞ்ஞானி சீசாவோடு ஓடி நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது, நிஜத்தில் சீசா தயாரிக்கும் இடம் சும்மா கிடந்தது.

இதில் எனக்கும் பங்கு உண்டு. அப்போது நான் வேலை பார்த்த பத்திரிகையில் குன்னூர் செய்தி என் மேஜைக்கு வந்தது. ஒரு பத்தியாகச் சுருக்கி, உள்பக்கத்தில் கீழே போட்டேன். ஐந்து மாதம் கழித்து 'பத்து வேஷத்தில் எது டாப்?' என்று முழுப்பக்கம் எழுதினேன். பாராட்டுக் கடிதங்கள்கூட வந்தன. குன்னூர் பத்தியைப் பற்றி ஒரு போஸ்ட் கார்டு வரவில்லை. வந்திருந்தால் ஆச்சரியம். நானே அதைப் படிக்கிற மாதிரி எழுதவில்லையே.

*

அக்கவுன்ட்ஸில் 'கோயிங் கன்சர்ன்' என்று ஒரு விஷயம் முதல் வருஷமே சொல்லித் தருவார்கள். இந்தக் கம்பெனி அடுத்த வருஷமும் நடக்கும் என்று நம்பித்தான் எந்தக் கணக்கையும் எழுதுகிறோம். மனித குலமும் அப்படித்தான் தன் கணக்கை எழுதுகிறது. ஹோம் லோன், எல்.ஐ.சி., பேத்தி கல்யாணத்துக்கு நகை... எல்லாவற்றுக்கும் அடியில் 'கடை தொடர்ந்து நடக்கும்' என்கிற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சந்தேகப்பட்டுப் பார்ப்பது ஆடிட்டரின் வேலை.

அப்படி ஆடிட் பண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர் டோபி ஆர்டு. ஆக்ஸ்ஃபோர்டுக்காரர், தத்துவம் படித்தவர். 2020-இல் வந்த 'த பிரெசிபிஸ்' என்ற புத்தகத்தில், அடுத்த நூறு வருஷத்துக்குள் மனித குலம் மீள முடியாத அழிவைச் சந்திக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்புப் போட்டிருக்கிறார். விண்கல் மோதி அழிய: பத்து லட்சத்தில் ஒன்று. எரிமலை: பத்தாயிரத்தில் ஒன்று. அணு யுத்தம்: ஆயிரத்தில் ஒன்று. மனிதனே லேபில் செய்த தொற்றுக் கிருமி: முப்பதில் ஒன்று. செயற்கை நுண்ணறிவு: பத்தில் ஒன்று. எல்லாம் சேர்த்து ஆறில் ஒன்று.

இவை துல்லியமான கணக்கு இல்லை, குத்துமதிப்பு என்று அவரே சொல்லிவிடுகிறார். நான் அந்த எண்களை அப்படியே வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. வரிசையைப் பாருங்கள். சினிமாவுக்கு ரொம்பப் பிடித்த விண்கல் கடைசியில் நிற்கிறது. அதற்கும் ஆள் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் நாசாவின் 'டார்ட்' விண்கலம் டைமார்ஃபஸ் என்ற குட்டி விண்கல்லில் மோதி, அது சுற்றிவரும் நேரத்தை 32 நிமிஷம் குறைத்துக் காட்டியது. வாணவேடிக்கை கிடையாது. பல வருஷக் கணக்கும் ஒரு மோதலும், அவ்வளவுதான்.

அதே புத்தகத்தில் இன்னொரு தகவல். உயிரி ஆயுதங்களைத் தடை செய்யும் சர்வதேச ஒப்பந்தம் 1975-லிருந்து அமலில் இருக்கிறது. அதைக் கவனிக்கும் அமைப்பின் ஆண்டு பட்ஜெட், ஒரு சராசரி மெக்டொனால்ட்ஸ் கடையின் செலவைவிடக் குறைவு என்கிறார் ஆர்டு. உலகத்தின் வாட்ச்மேன் சம்பளம் பர்கர் கடையைவிடக் கம்மி!

கிருமி விஷயத்தில் நமக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. 1918 இன்ஃப்ளூயன்சாவில் இந்தியாவில் மட்டும் 1.2 கோடியிலிருந்து 2 கோடிப் பேர் வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜனத்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911 - 1921. அத்தனை பெரிய சாவு நம் மண்ணில் நடந்திருக்கிறது. அதைப் பற்றி ஒரு தமிழ்ப் படம் நான் பார்த்ததில்லை. ஏனென்றால் அதில் வில்லன் இல்லை, ஹீரோவும் இல்லை. கஞ்சித்தொட்டியும், சுடுகாடும்தான்.

*

"ஐயா, ஐஸ் பெட்டியையும் பதிவேட்டையும் காட்டினால் யார் படம் பார்ப்பார்கள்?" என்று ஒரு டைரக்டர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் இரண்டு படங்கள்.

'ஏழாம் அறிவு' வந்த அதே 2011-இல் ஹாலிவுட்டில் ஸ்டீவன் சோடர்பெர்க் எடுத்த 'கன்டேஜியன்' வந்தது. அதிலும் உலகைக் கொல்லும் கிருமிதான். ஆனால் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று கடைசிக் காட்சியில் காட்டுகிறார்கள்: மரத்தைச் சாய்க்கும் புல்டோசர், இடம் பெயர்ந்த வௌவால், அது தின்று போட்ட துண்டைத் தின்ற பன்றி, கை கழுவாத சமையல்காரர். எந்த நாட்டு உளவாளியும் இல்லை. காடு வெட்டுகிற நாம்தான். தடுப்பூசி கண்டுபிடித்ததும் படம் முடிந்துவிடுவதில்லை. யாருக்கு முதலில் என்று பிறந்த தேதியை வைத்துக் குலுக்கல் போடுகிறார்கள். பெரிய அதிகாரி ஒருவர் தனக்கு வந்த டோஸைத் தன் ஆபீஸ் துப்புரவுப் பணியாளரின் மகனுக்குப் போடுகிறார். பஞ்ச் டயலாக் இல்லாமலே தொண்டை அடைக்கிறது.

இன்னொன்று பக்கத்து வீட்டுப் படம். மலையாளத்தில் ஆஷிக் அபு எடுத்த 'வைரஸ்' (2019). 2018-இல் கோழிக்கோட்டில் 17 உயிர்களைக் கொண்டுபோன நிபா பற்றியது. முதல் நோயாளி யார், அவர் யாரைத் தொட்டார், ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று யார் யார் நின்றார்கள் என்று சங்கிலியைத் தேடுவதுதான் சஸ்பென்ஸே. நட்சத்திரக் கூட்டமே நடித்திருக்கிறது, ஒருத்தர்கூட ஹீரோ இல்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து பிடிக்கிறார்கள்.

கோழிக்கோடு நீலகிரிக்குத் தூரமில்லை. ஒரு பஸ் தூரம். அங்கே நிபா என்றால் இங்கே கூடலூர், பந்தலூர் எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்திக் காய்ச்சல் பார்ப்பார்கள். நிபா வந்தவர்களில் 40 முதல் 75 சதவீதம் பேர் இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாவடியில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த ஊழியரைத் தாண்டி ஊட்டிக்கு டூர் போகிற நாம், "சீக்கிரம் விடுங்க சார், டயம் ஆகுது" என்போம்.

*

2021 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? தடுப்பூசிக்கு டோக்கன். விடியற்காலை வரிசை. 'ஸ்டாக் இல்லை' போர்டு. முக்கியமான இரண்டு ஊசிகளும் தனியார் கம்பெனிகளிடமிருந்து வந்தன - ஒன்று புனே, ஒன்று ஹைதராபாத். அவர்கள் செய்ததால்தான் பிழைத்தோம், நன்றி மறக்கக் கூடாது. ஆனால் அந்த மாதம்தான் தமிழக முதல்வர் ஸ்டாலின் செங்கல்பட்டுத் தடுப்பூசி வளாகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இதை எங்களிடமாவது குத்தகைக்குக் கொடுங்கள் என்று மத்திய அரசைக் கேட்டார். 594 கோடி ரூபாய் மதிப்பில் 2012-இல் ஒப்புதல் வாங்கிய வளாகம். கட்டடம் நின்றது. உற்பத்தி தொடங்கவே இல்லை. புதுப் பானை வந்துவிட்டது, தண்ணீர்தான் வரவில்லை!

அப்போதும் நாம் ஹீரோவைத்தான் தேடினோம். நிஜமாக நடந்தது வேறு. நீலகிரியில் பழங்குடி மக்களுக்கு முன்னுரிமை கொடுத்து ஊசி போட ஆரம்பித்தார்கள். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்கு, ஜீப் போகாத பாதையில் நர்ஸம்மாக்கள் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். பெட்டிக்குள் சூடு 2 டிகிரிக்குக் குறையக் கூடாது, 8 டிகிரிக்கு மேலே போகக் கூடாது. ஊசி என்றால் பயந்து காட்டுக்குள் போய்விட்டவர்களை உட்கார்ந்து பேசித் திரும்ப அழைத்து வந்தார்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் இலை பறிக்கும் பெண்கள் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை காத்திருந்தார்கள். மனித குலத்தின் கடைசி வரிசைப் பாதுகாப்பு என்பது அந்தத் தோள் பட்டைதான்.

சினிமா சொல்லிக் கொடுத்த பாடத்தில் என்ன தப்பு என்று கேட்டால், அது நம்மைப் பயமுறுத்தியது தப்பே இல்லை. பயப்படத்தான் வேண்டும், ஆறில் ஒன்றோ அறுபதில் ஒன்றோ. அது தப்பான ஆளைக் காத்திருக்கச் சொன்னது. போதிதர்மர் டி.என்.ஏ.வில் ஒளிந்திருக்கிறார் என்று நம்பினால், பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவரைக் கண்ணுக்குத் தெரியாது. அவர் ரிட்டயர் ஆகும்போது அந்த நாற்காலி காலியாகவே இருந்தாலும் யாரும் கேட்க மாட்டோம். உரிமம் போனால் ஒரு பத்திச் செய்தி. வந்தால் அதுவும் இல்லை.

டீக்கடைக்காரரிடம் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, "ஏங்க, உள்ளே இப்ப வேலை நடக்குதா?" என்று கேட்டேன்.

"ஆளுங்க காலையில போறாங்க, சாயங்காலம் வர்றாங்க சார். ஒரு சத்தமும் இருக்காது" என்றார்.

அதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் படத்துக்கும் எழுதியதில்லை. அடுத்த தடவை குன்னூர் போனால், போட்டிங், சாக்லேட் எல்லாம் முடித்துவிட்டு, அந்தக் கட்டடத்தை உங்கள் பிள்ளைக்குக் காட்டுங்கள். "அவ்ளோதானா?" என்று கேட்டால், "அவ்ளோதாண்டா. ஆனா அது இல்லேன்னா தாத்தாவே இல்லை, அப்புறம் நீ ஏது?" என்று சொல்லுங்கள்.